ஒரு காகிதமும் குறையக் கூடாது

"சரக்கு என்னங்க?" என்று கேட்டதற்குத்தான் ஏற்றுமதி ஏஜென்ட்டுக்கு முதல் அறை விழுந்தது. கடைவாய்ப் பல் ஆடியது.

"பெரிய மரப்பெட்டி. அவ்ளோதான் உனக்குத் தெரியணும்," என்றான் கோணவாயன். அவன் கையிலிருந்த அரிவாள் மேசைக் கண்ணாடியைக் கீறிக்கொண்டிருந்தது.

"விமானமா, கப்பலா?"

"விமானத்துல எக்ஸ்ரே எடுப்பானுங்க. கப்பல்லயே அனுப்பு. ஒரு காகிதம் குறைஞ்சு எவனாவது பெட்டியத் திறந்தான்னு வை, உன் தலை கழுத்துல நிக்காது."

ஏஜென்ட் ரத்தத்தைத் துப்பிவிட்டு வேலையில் இறங்கினார். பெட்டியைக் கன்டெய்னரில் ஏற்றிப் பூட்டி, ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கி, மறுநாள் ஒரு கத்தைக் காகிதத்தை நீட்டினார்.

கோணவாயன் ஒன்றை உருவினான். "இது என்னடா?"

"மரப்பெட்டின்னா பூச்சி மருந்து அடிச்ச சான்றிதழ் வேணுங்க. இல்லன்னா கப்பல்ல ஏத்த மாட்டாங்க. கன்டெய்னர மூடி, ராத்திரி பூரா விஷப்புகை விட்டாச்சு. உள்ள ஒரு கரையான்கூட உயிரோட இருக்காது."

அரிவாள் கை நழுவி விழுந்தது.

"அடப்பாவி! போலீசுக்குப் பயந்து எங்க அண்ணன்தான்டா அந்தப் பெட்டிக்குள்ள படுத்திருந்தாரு!"

ஏஜென்ட் ஆடுகிற பல்லை நாக்கால் தள்ளிப் பார்த்தார்.

"அதைத்தானே சார் முதல்லயே கேட்டேன்?"