மூன்றாவது பட்டன்

"பட்டன்" என்றது காதுக்குள் கம்ப்யூட்டரின் குரல்.

அவள் அடுத்ததற்கு நகர்ந்தாள்.

"பட்டன்."

இன்னொன்று. "பட்டன்."

ஒன்பது பட்டன்கள். ஒன்றுக்கும் பெயர் இல்லை.

மருத்துவமனையில் முன்பதிவு மென்பொருளை மாற்றிப் பத்து நாளாகிறது. பழையதில் ஜெபசெல்வி ஆறு வருடம் பிசகில்லாமல் வேலை பார்த்தாள். அவளுக்குப் பார்வை இல்லை என்பதே பலருக்கு மறந்துபோயிருந்தது.

இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

போட்ட பதிவுகளில் சில ரத்தாகிக்கொண்டிருந்தன. நேற்று மட்டும் நான்கு. கடையத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வந்தவர் கவுண்டரில் நின்று கத்தினார்.

மேலாளர் அவளைத் திட்டவில்லை. "சாயங்காலம் வரைக்கும் பாப்போம்மா" என்றார். அதற்குப் பிறகு என்ன என்று சொல்லவில்லை.

நான்காவது பட்டன் சேமிக்கும். எண்ணி எண்ணித்தான் அமுக்கினாள். எங்காவது எண்ணிக்கை தவறியிருக்குமோ?

திரையை வாசிக்கும் குரலுக்குச் சொல்லிக்கொடுக்க ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் எழுதலாம் என்று கேள்விப்பட்டிருந்தாள். ஒவ்வொரு பட்டனுக்கும் அதைச் செய்தவன் உள்ளே ஒரு பெயர் வைத்திருப்பான். அதைப் பிடித்துக் குரலிடம் கொடுக்க வேண்டும். பஸ்ஸில் போகவர ஒலிப்பாடங்களைக் கேட்டுப் படித்தாள்.

நாற்பத்தொரு வரி எழுதினாள். ஓட விட்டாள்.

குரல் செத்துப்போனது.

விசைகளைத் தட்டினாள். ஒன்றுமில்லை. கம்ப்யூட்டர் வெறும் பிளாஸ்டிக்காகிவிட்டது. குரலைத் திரும்ப எழுப்பும் மூன்று விசைகள் விரலுக்கு மறந்துபோயின.

பிறகு ஞாபகத்துக்கு வந்தன.

பதினேழாம் வரியில் ஒரு மேற்கோள்குறி விட்டுப்போயிருந்தது. போட்டாள்.

"புதிய பதிவு. தேடு. ரத்து. சேமி."

மூச்சு வந்தது. ஆனால் ஸ்கிரிப்டே தப்பாக இருந்தால்?

தன் பெயரில் ஒரு பதிவு போட்டாள். மூன்றாவதை அமுக்கினாள். பட்டியலில் அவள் இல்லை. மறுபடி போட்டு, நான்காவதை அமுக்கினாள்.

இருந்தாள். அவள் எண்ணிக்கை தவறியிருக்கவில்லை.

பக்கத்து நாற்காலி கிறீச்சிட்டது. பிரின்சி. அவளும் பதிவு போடுகிறவள்; வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் நிறையவில்லை.

"யக்கா, அந்த மூணாவதும் நாலாவதும் ஒரே பச்சைப் படந்தானே. எதை அமுக்குனாலும் ‘முடிந்தது’ன்னுதானே வருது?"

சொல்லும்போதே அவள் குரல் தேய்ந்தது.

ஜெபசெல்வி அவள் பக்கம் திரும்பினாள்.

செருப்புச் சத்தம் வந்து நின்றது. மேலாளர். "என்னம்மா, கண்டுபுடிச்சாச்சா?"

பக்கத்து நாற்காலியிலிருந்து ஒரு கை ஜெபசெல்வியின் மணிக்கட்டைப் பற்றியது. ஜில்லென்றிருந்தது.

"படந்தான் சார் தப்பு. ரத்து, சேமி ரெண்டும் ஒண்ணுபோல இருக்காம்" என்றாள் ஜெபசெல்வி.

வாயைவிட்டுப் போன பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

"இருக்காமா? யாரு சொன்னா?"

பிடி இறுகியது. பிறகு விலகியது.

"நான்தான் சார்" என்றாள் பிரின்சி.