செத்த கணக்கில் மூன்று மீன்

"ஆறு செத்துப்போச்சுன்னு எழுதியிருக்கீங்க. ஃப்ரீசர்ல மூணுதான் கிடக்கு. மிச்சம் மூணு எங்கே? றெக்கை முளைச்சுப் பறந்துடுச்சா?"

கெமிஸ்ட் மேடம் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு தொட்டி அறைக்குள் நுழைந்தபோது, தொட்டிகளைப் பார்த்துக்கொள்ளும் மீனக்கா வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

மேடத்தின் கோபத்தில் நியாயம் இருந்தது. மூன்று வருஷம் மாடாய் உழைத்துச் செய்த பாலிமர். கண்டிஷனரில் துளி கலந்தால் போதும், எந்தச் சிக்குத் தலையும் பட்டாகிவிடும். தலையை அலசுகிற தண்ணீர் ஆற்றுக்குத்தானே போகும்; அதனால் கடைக்குப் போகுமுன் கடைசியாக ஒரு சோதனை. பாலிமர் கலந்த தண்ணீரில் பத்து மீனை நாலு நாள் விடுவார்கள். ஐந்து செத்தாலே சரக்கு பெயில். செத்ததை எண்ணி எழுதி, பாக்கெட் போட்டு ஃப்ரீசரில் வைப்பது மீனக்காவின் வேலை.

"டிவியில என் கண்டிஷனர் விளம்பரம் வரும்னு என் பொண்ணு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்சிட்டா. நீங்க பாட்டுக்கு மூணை ஆறுன்னு எழுதிட்டீங்க!"

மீனக்காவின் பார்வை ஒரு நொடி மூலைக்குப் போய் வந்தது. அது போதும் மேடத்துக்கு. விறுவிறுவென்று போய், அங்கிருந்த டப்பின் மூடியைத் திறந்தார்.

உள்ளே சேற்றுத் தண்ணீர். அதில் மூன்று மீன்கள் ஜாலியாகச் சுற்றிக்கொண்டிருந்தன.

"அடிப்பாவி! உயிரோட இருக்கிறதைச் செத்ததுன்னு எழுதினீங்களா? நான் உங்களுக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"மெதுவா பேசுங்க மேடம். சோதனைக்குப் போன மீனை உயிரோட வெச்சிருக்கிறது தெரிஞ்சா, என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க."

"அனுப்பட்டும்!"

"வயித்தைக் காட்டி மிதந்துச்சு மேடம். அப்படி மிதந்தா செத்த கணக்குல எழுதிட்டு, கொன்னுடணும். அதான் இங்கே ரூல். எழுதிட்டேன். கொல்றதுக்குத்தான் கை வரல. உங்க பாலிமர் செவுள்ல ஒட்டிக்கிட்டு மூச்சை அடைக்குது. சேறு இருந்தா, அது சேத்தோட போய் ஒட்டிக்குது. ஏதோ ஒரு நப்பாசையில மண்ணைக் கரைச்சு அதில விட்டேன். மறுநாளே நீந்த ஆரம்பிச்சிடுச்சு."

மேடத்தின் முகம் சட்டென்று மலர்ந்தது.

"சேத்துல பிழைக்குதா? ஆத்துல இல்லாத சேறா! அப்போ என் சரக்கு பாஸ்!"

உடனே போனை எடுத்து, தரக்கட்டுப்பாட்டு அதிகாரியைக் கூப்பிட்டார். "சார், மீன் சோதனையில எண்ணிக்கை உதைக்குது. மூணு மீன் குறையுது. கொஞ்சம் வாங்க."

மீனக்கா கெஞ்சவில்லை. டப்புக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள்.

"ஆத்துல எப்பவும் சேறு இருக்குமா மேடம்? தண்ணி தெளிஞ்சு ஓடுற நாளும் இருக்கே. இங்கே மல்லாந்தா, தூக்கி சேத்துல விட நான் இருக்கேன். அங்கே யார் இருக்கா?"

மேடம் டப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருக்கு அழுகை வரும்போல் இருந்தது. மூன்று வருஷம் சும்மாவா?

வாசலில் செருப்புச் சத்தம். மேடம் சட்டென்று டப்பை மூடி, அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார்.

தர அதிகாரி உள்ளே வந்தார். "எந்த மூணு மீன் மேடம்?"

மீனக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"மன்னிக்கணும் சார்," என்றார் மேடம். "நான்தான் எடுத்தேன். செவுளை மைக்ராஸ்கோப்ல பார்க்கணும்னு எடுத்துட்டுப் போய், சுத்தமா மறந்துட்டேன்."

"அட, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க மேடம். மூணு குறைஞ்சா உங்க சரக்கு பாஸ். எண்ணினதுல தப்பு இருந்தா இப்பவே திருத்திடலாம்."

மேடம் பேனாவை வாங்கி, 'ஆறு' என்று எழுதியிருந்த இடத்துக்குப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டார்.

"தப்பு எண்ணினதுல இல்லை சார், என் பாலிமர்லதான்."