செவ்வாய்க்கிழமை வேலை

பதுளைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஜுனைதீன் முதலாளி, பேச்சிலும் அளவிலும் சிக்கனமானவர். கெஜக்கோலை இருமுறை வைத்துப் பார்த்த பின்னரே துணியைக் கிழிப்பார். செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் பிற்பகல் அஸர் தொழுகை முடிந்ததும் கடைக்கு வராமல், பின்சந்து வழியாக எங்கோ போவார். திரும்பியதும் வலக்கையைத் தேசிக்காய்த் தோலால் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவார். எங்கே போனீர்கள் என்று கேட்பதை அவர் மனைவி றம்ஸியா நிறுத்திவிட்டிருந்தாள்.

அவர் போனது பொலிஸ் நிலையத்திற்கு. அவசரகாலச் சட்டத்தின்படி, தடுப்பு முகாமில் உள்ளவர்கள் எழுதும் கடிதங்களைப் பிரித்துப் படித்த பின்னரே தபாலில் சேர்ப்பார்கள். இன்ஸ்பெக்டருக்குத் தமிழ் தெரியாது. ஜுனைதீனுக்குத் தமிழும் சிங்களமும் தெரியும். வரமாட்டேன் என்று சொல்வதற்கு அந்தச் சட்டத்தில் இடமில்லை.

எந்தத் தேயிலைத் தோட்டத்தில் எவள் பிள்ளைத்தாய்ச்சி, எந்த லயத்து வீட்டில் எவருக்கு இருமல் என்பதெல்லாம் அவர் அறிவார். அறிந்தும், அதே மனிதர்கள் கடைக்கு வரும்பொழுது முன்பின் தெரியாதவர்போல் கெஜக்கோலைக் கையில் எடுப்பார்.

"'அடுத்த மாசம் விடுறாங்களாம். சின்னவளுக்குக் காது குத்த வேணாம்; நான் வந்தப்புறம் குத்தலாம்'னு எழுதியிருக்கு, சேர்," என்று ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு கடிதத்தைச் சிங்களத்தில் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "யாரைக் குத்தப் போறானுங்க? எங்கே வச்சு?"

"புள்ளைக்குத் தோடு போடுறது, சேர்."

"தோடுன்னா எதுக்கு வச்ச பேரு? துவக்குக்கா, குண்டுக்கா?"

தம் மகளுக்குக் காது குத்தியது, அவள் அழுதது, சீழ் பிடித்தது எல்லாவற்றையும் ஜுனைதீன் சொல்ல வேண்டியதாயிற்று. கடைசியில் இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார்.

"சரி, போகட்டும். அடையாளத்தப் போடு."

ரப்பர் முத்திரை உடைந்துபோய், புதியது கொழும்பிலிருந்து இன்னும் வந்து சேரவில்லை. ஆகவே, படித்து முடித்த கடிதத்தின் மூலையில் ஜுனைதீன் மை தொட்டுப் பெருவிரலை ஒற்றவேண்டும். தம் ரேகை அடையாளம் தெரிந்துவிடக்கூடாதென்று, அதை ஓர் இழுப்பு இழுத்தும் விடுவார்.

கறுத்த விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தவரை இன்ஸ்பெக்டரின் குரல் நிறுத்தியது.

"ஒரு சொல்லு வெளியே போச்சுன்னா, முதலாளி, அடுத்த கடுதாசிய நீ உள்ளே இருந்து எழுதுவே. அதப் படிக்க வேற ஒருத்தனப் புடிச்சுக்குவோம்."

இரண்டு வாரம் கழிந்து, ஒரு வியாழக்கிழமை காலை, தெமோதரைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கந்தப்பன் என்பவன் தன் தங்கை வேலாயியை அழைத்துக்கொண்டு கடைக்கு வந்தான். அவனுடைய கோபம் அவனுக்கு முன்னால் படியேறியது.

"வெள்ளச் சேல ஒண்ணு எடுங்க, மொதலாளி. சனிக்கிழமை பதினாறாம் நாளு. தங்கச்சிக்குத் தாலி எறக்கிக் கோடி போடணும்."

வேலாயி மஞ்சள் கயிற்றை முந்தானைக்குள் இறுகப் பிடித்திருந்தாள்.

"யாரு தம்பி, இவங்க மாப்புளயா?"

"ஆமா. முகாமுல வச்சு அடிச்சே கொன்னுட்டானுங்க. பொணத்தக்கூடக் குடுக்கல." கந்தப்பன் துணி அளக்கும் பலகையில் ஓங்கி அறைந்தான். "எங்க கடுதாசியப் பிரிச்சுப் படிக்கத் தமிழ் தெரிஞ்ச நாய் ஒண்ண வச்சிருக்கானுங்களாம். அவன் கையில கெடைக்கட்டும். தேயில வெட்டுற கவ்வாத்துக் கத்தியால வெரல ஒண்ணொண்ணா நறுக்குறேன்."

நேற்று முன்தினத்துக் கறை இன்னும் போகாத பெருவிரலை ஜுனைதீன், எடுத்து வைத்த வெள்ளைச் சேலையின் மடிப்புக்குள் ஒளித்தார்.

"மொகத்தக்கூடப் பாக்க முடியல," என்றாள் வேலாயி, சேலையைப் பார்த்தபடி. "சின்னவளுக்குக் காது குத்தணும்னு ஆசப்பட்டாரு. அதுகூட நடக்கல."

காது குத்த வேணாமென்ற கடிதம் ஜுனைதீனுக்கு நினைவு வந்தது. அடுத்த மாதம் விடுதலை என்று எழுதிய மனிதன் அதற்குள் எப்படி இறந்தான்?

"சேதி எப்ப வந்திச்சு?"

"போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி. தோட்டத்து ஆபீசுல, முகாமுலருந்து வந்ததுன்னு கடுதாசி குடுத்தாங்க."

"கடுதாசியில என்ன எழுதியிருந்திச்சு? யாரு வாசிச்சது?"

கந்தப்பன் அவரை முறைத்தான். "அத வாசிப்பாங்களா? ஒங்க ஆளுகளுக்கு இது தெரியாது, மொதலாளி. மூலையில கருப்பு தடவி வந்தா, எங்க சனத்துல அது எழவுக் கடுதாசி. லயத்துக்குள்ள கொண்டுபோகக் கூடாது, கிழிச்சுப் போட்டுறணும். எங்க ரெண்டு பேருக்கும் எழுத்து தெரியாது. முகாமுல எங்களுக்கு இருந்தது அவரு ஒருத்தருதான். பொறவு அதுல வாசிச்சுத் தெரிஞ்சுக்க என்ன இருக்கு? ஆபீசு வாசல்லயே கிழிச்சு ஆத்துல விட்டுட்டேன்."

வீதியில் பொலிஸ் ஜீப் ஒன்று மெதுவாக ஊர்ந்து சென்றது. அது வளைவில் திரும்பும்வரை ஜுனைதீன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வெள்ளைச் சேலையை மடித்து, எடுத்த தட்டிலேயே திரும்ப வைத்தார். வலக்கையைப் பலகையின்மேல், இருவரும் காணும்படி, விரித்து வைத்தார்.

"ஒங்க மாப்புள அடுத்த மாசம் வாறார், தங்கச்சி. அந்தக் கருப்பத் தடவினது நான்."