நாயோடு போன தெள்ளு

வீட்டைவிட்டுக் கிளம்ப, நாயின் கழுத்தில் பட்டையை மாட்டிவிட்டு நிமிர்ந்தாள் தையல்காரி. எதிரே இடுப்பில் கை வைத்தபடி அண்ணி.

"உன் நாயோட தெள்ளுப்பூச்சியும் ஒழியட்டும் தாயே. இனிமேதான் எங்களுக்குத் தூக்கமே."

அண்ணன் பல்லிடுக்கில் எதையோ மும்முரமாகத் தேடிக்கொண்டிருந்தான்.

வீட்டில் பூச்சி வந்தது உண்மைதான். நாய்தான் கொண்டு வந்தது, அதுவும் உண்மைதான். ஆனால் அண்ணி அதோடு விட்டாளா?

"அவ தைக்கிற துணியிலயும் தெள்ளு இருக்கு" என்று தெருவெல்லாம் கொளுத்திப் போட்டாள்.

பாதித் தையலிலேயே துணியைத் திரும்ப வாங்கிப் போனார்கள் பெண்கள். செத்த எலியைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால்.

அப்பா போனபின் அந்த வீட்டு அடுப்பை எரியவைத்த தொழில். ஒரே மாதத்தில் படுத்துவிட்டது.

நாய்க்கு மருந்து போட்ட மாட்டு டாக்டர் அன்றே சொல்லியிருந்தார். நாய் மேல் இருப்பது கொஞ்சம்தான். முட்டையும் கூடுமாகக் கிடப்பதெல்லாம் கம்பளத்தில், சோபா இடுக்கில். நாய் இருக்கும்வரை, பொரிந்து வரும் பூச்சி அதன் மேல் பாயும். நாய் போய்விட்டால், பசியோடு மனுஷக் காலைத் தேடும். முதலில் வீடு முழுக்க மருந்தடியுங்கள் என்றார்.

சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது.

அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். அப்படியே விழுங்கிவிட்டாள்.

"சரி அண்ணி. நல்லாத் தூங்குங்க."

சனியன் தொலைந்தது என்று முணுமுணுத்துக்கொண்டே அண்ணி சோபாவில் சாய்ந்து, வெறுங்காலைக் கம்பளத்தில் சுகமாகத் தேய்த்துக்கொண்டாள்.

தையல்காரி தெருவில் இறங்கினாள். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

பஸ் நிற்கும் பக்கம் அவள் திரும்பவில்லை. நேரே குறுக்கே நடந்து, எதிர்வீட்டு மாடிப்படி ஏறினாள். வாடகைக்குப் பிடித்த அறை கூட்டிப் பெருக்கித் தயாராக இருந்தது. மெஷினை மத்தியானம் வண்டிக்காரர் தூக்கி வருவார்.

துணி கொடுக்க வருகிறவர்கள் உட்காரவென்று அங்கே ஒரு பெஞ்சு, சுவரைப் பார்த்துக் கிடந்தது.

அதைத் தரதரவென்று இழுத்து, அண்ணி வீட்டுக் கூடம் பளிச்சென்று தெரிகிற ஜன்னலுக்கு நேராகத் திருப்பிப் போட்டாள்.