கதவு திறந்திருந்த நாள்

கேட் தூணில் ஒட்டியிருந்த கம்பியில்லா அழைப்பு மணிப் பொத்தானுக்கு ஒரே ஏக்கம். தன்னோடு ஒரே பெட்டியில் வந்து, இப்போது கூடத்துச் சுவரில் தொங்கும் மணியின் குரலை ஒரு தடவையாவது கேட்க வேண்டும். மணி ஒலிப்பதோ எப்போதும் மூடிய கதவுக்குப் பின்னால்.

“லைசென்ஸ் இல்லாம யார் வேணா கத்தலாம்னு விட்ட ரேடியோ அலைவரிசை தம்பி இது. நானும் கத்துறேன், பக்கத்து வீட்டு கேட் ரிமோட்டும் கத்துது. இந்தச் சந்தையில உனக்குப் பதில் வேற வேணுமா?” என்று சீண்டியது, கேட்டைத் தாண்டிய வீட்டுக்காரர் கையிலிருந்த ரிமோட் கார் சாவி.

“கதவு திறந்திருக்கிறப்போ யாராவது அழுத்தட்டும் அண்ணே, கேட்டுடுவேன்.”

வளைகாப்பன்று கதவு விரியத் திறந்து கிடந்தது. பொத்தான் காலையிலிருந்து காத்திருந்தது. கதவுதான் திறந்திருக்கிறதே என்று வந்தவர்கள் எல்லோரும் நேராக உள்ளே போனார்கள்.

சாயங்காலம் கதவைச் சாத்தினார்கள். மறந்த குடைக்காகத் திரும்பி வந்த ஒருவர் பொத்தானை அழுத்தினார்.

“இருக்கியா?” என்று அது முழு மூச்சோடு கூப்பிட்டது.

கதவு திறந்தது. அதற்குள் மணி ஓய்ந்திருந்தது.