வெள்ளைப் பக்கத்துக்கு வெளியே

"அப்பா! அம்மாவோட கண்ணைக் காணோம்!"

பல் தேய்த்துக்கொண்டிருந்த அப்பா வாயில் நுரையோடு ஓடி வந்தார்.

லேப்டாப்பில் அம்மாவின் முகம். நெற்றி, மூக்கு, உதடு எல்லாம் அப்படியே இருந்தன. கண்கள் இருந்த இடத்தில் மட்டும் இரண்டு வெள்ளை ஓட்டைகள்.



அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. மகள் அனிமேஷன் வகுப்பில் சேர்ந்து மூன்று வாரம். கோடு, வட்டம், வண்ணம் ஊற்றும் வாளி, இந்த மூன்று கருவிகளை மட்டும் வைத்து வீட்டில் ஒருவர் முகத்தை வரைந்து வரச் சொல்லியிருந்தார் மேடம். இன்று பத்து மணிக்குக் காட்ட வேண்டும். அந்தக் கண்களுக்கு மட்டும் ஒரு வாரம் மாரடித்திருந்தாள்.

ஒரே குறை, மூக்குக்கண்ணாடி. போட்டோ எடுக்கிறார்கள் என்றாலே அம்மா கண்ணாடியைக் கழற்றிவிடுவாள். அதனால் பார்த்து வரைய ஒரு படம்கூட இல்லை. முந்தாநாள் மகள் இதைச் சொல்லிப் புலம்பியபோது, துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி மெல்ல வாயைத் திறந்தாள்.

"நான் வேணா வரைஞ்சு பார்க்கட்டுமாம்மா? கண்ணாடின்னா எனக்குக் கொஞ்சம் தெரியும்."

சித்தி கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்க வருகிறவர் போகிறவர் முகத்தில் ஃபிரேமை மாட்டி, "மூக்குல சரியா உக்காருதா?" என்று கேட்பதுதான் அவள் உத்தியோகம். அப்பாவைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

"எங்கம்மா முகத்துல நீங்க கை வைக்க வேண்டாம்."

வெடுக்கென்று சொல்லிவிட்டாள் மகள். சித்தி கையிலிருந்த துணியை மறுபடி மடிக்கத் தொடங்கினாள்.

இப்போது பார்த்தால் இந்த ஓட்டைகள்.

"நேத்து நான் வெளியே போனப்ப வீட்ல யார் இருந்தது?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு சித்தி வந்து நின்றாள்.

"நான்தாம்மா. கொஞ்சம் தூக்கி வைக்கலாம்னு..."

"தூக்கி வச்சீங்களா? தூக்கி எறிஞ்சிருக்கீங்க!"

"ஐயோ, இல்லம்மா. அது எப்படி அப்படி ஆச்சுன்னு எனக்கே..."

"மூணு வாரமா என் பின்னாடியே நின்னு நின்னு பார்த்தீங்களே, அப்பவே நினைச்சேன். எங்கம்மா படத்துல இருக்கறதுகூட உங்களுக்குப் பொறுக்கலை, இல்ல?"

"அவதான் தொடாதேன்னாளே, நீ ஏன் தொட்ட?" என்றார் அப்பா. சித்தியின் கண் நிரம்பிவிட்டது. யார் அதைப் பார்த்தார்கள்? மகள் லேப்டாப்பைப் படாரென்று மூடிக் கையில் எடுத்துக்கொண்டு, கதவை அதைவிடப் படாரென்று சாத்திவிட்டுப் போய்விட்டாள்.

இதைக் கேட்டால் யாருக்கும் சித்தி மேல்தான் கோபம் வரும்.

வகுப்பில் மேடத்திடம் திரையைக் காட்டினாள் மகள்.

"எங்க சித்தி வேணும்னே அழிச்சிட்டாங்க மேடம்."

மேடம் குனிந்து பார்த்தார். "இது ரப்பர் வச்சு அழிச்சது இல்லையே. ஓரத்தைப் பாரு. வெட்டுப்பட்டிருக்கு."

"ரெண்டும் ஒண்ணுதானே மேடம்?"

"எப்படி ஒண்ணாகும்? முதல் வாரம் மலை மேல ஒரு சூரியனை வரைஞ்சே. அதைப் பிடிச்சு இழுத்ததும் மலையும் பிய்ஞ்சு கூடவே வந்துச்சு. 'ஐயோ, என் மலை போச்சு'ன்னு நீ போட்ட கூச்சல்ல பக்கத்து ரூம்காரங்க ஓடி வந்தாங்களே, மறந்துட்டியா?"

மகளுக்கு லேசாகக் காது சுட்டது.

"ஒண்ணு மேல இன்னொண்ணை வரைஞ்சு, குரூப் பண்ணாம, அதாவது தனியா ஒரு கட்டாக் கட்டாம, நகர்த்தினா கீழ இருக்கறதும் ஒட்டிக்கிட்டு வந்திடும். புதுசா கத்துக்கறவங்க எல்லாரும் பண்ற தப்பு இது. உங்க சித்தி அழிக்க வரலை. எதையோ வரைய வந்திருக்காங்க."

"என்னத்தை வரைஞ்சாங்க?"

"எங்கேயாவது கிடக்கும். எந்நேரமும் முகத்தையே இவ்வளவு பெரிசாக்கி வச்சுப் பார்த்தா எப்படித் தெரியும்? சின்னதாக்கு."

சின்னதாக்கினாள். முகம் சுருங்கியது. அதைச் சுற்றியிருந்த வெள்ளைப் பக்கமும் சுருங்கியது. அதற்கு வெளியே சாம்பல் நிறப் பரப்பு விரிந்தது.



அந்தப் பரப்பு முழுக்க மூக்குக்கண்ணாடிகள்! முப்பதோ நாற்பதோ இருக்கும். முதல் வரிசையில் ஒரு பக்கம் முட்டை, மறுபக்கம் டயர். அடுத்த வரிசையில் கொஞ்சம் தேவலை. அதற்கடுத்ததில் இன்னும் நேராக. முகத்தில் கை வைக்கப் பயந்து, வெளியிலேயே பழகியிருக்கிறாள் சித்தி.

மூலையில் ஒன்று மட்டும் தனியாகக் கிடந்தது. அச்சு அசலாக அம்மாவின் கண்ணாடி. பீரோவில் துணிகளுக்கு அடியில் எல்லாரும் மறந்துபோய்க் கிடந்ததே, அதேதான். துணி மடித்து வைக்கும்போது சித்தி பார்த்திருக்கிறாள். இடது ஓரத்தில் உடைந்த இடத்தில் அம்மா சுற்றியிருந்த கறுப்பு நூல்கூட விட்டுப்போகவில்லை. பெற்ற மகளே அந்த நூலை மறந்துபோயிருந்தாள்.

அந்தக் கண்ணாடிக்குள்ளிருந்து அம்மாவின் இரண்டு கண்களும் அவளைப் பார்த்தன. முகத்தில் வைத்துப் பார்த்து, மூக்கில் கொஞ்சம் தூக்கப் போய்க் கண்களும் ஒட்டிக்கொண்டு வர, பயந்து இங்கே தள்ளி வைத்திருக்கிறாள் சித்தி.

"அப்படியே பிடிச்சு, பழைய இடத்துல கொண்டுபோய் வை," என்றார் மேடம்.

 காலையில் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் இப்போது அவளையே குத்தியது. மெல்ல நகர்த்திக் கொண்டுபோய் விட்டாள். கண்கள் ஓட்டைகளில் பொருந்தின. இரண்டு வருடம் கழித்து அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கீழ என்னவோ எழுதியிருக்காங்க பாரு. உனக்கா?"

வெள்ளைப் பக்கத்துக்கு வெளியே, அம்மாவின் முகத்துக்கு நேர் கீழே, பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி இருந்தது.

'அக்கா, மூக்குல சரியா உக்காருதா?'