உருளைக்கிழங்குப் பட்டாளம்

“அங்கனயே நில்லுல! வாசப்படியில கால வெச்சே, பொல்லாதவளாயிருவேன்!”

நாலு வருஷம் கழித்துப் பட்டாளத்திலிருந்து வந்து இறங்கிய ஒரே மகனை ஆவுடையம்மாள் இப்படித்தான் வரவேற்றாள்.

தகரப் பெட்டியும் கையுமாகத் தெருவில் நின்றான் சிவந்தி. காலடிப்பேட்டையில் பாதி அங்கே கூடிவிட்டது.

“இன்னாம்மா இது, அக்கிரமமா கீது?” என்று மாலையோடு முன்னால் வந்தார் எதிர்வீட்டுக் கிருஷ்ணப்பன். “யுத்தத்துக்குப் போயி செத்துப் பொயச்சி வந்துகிறான். ஒரு சொம்பு தண்ணி குடுக்காம வெயில்ல நிக்க வெச்சிக்கினுகீறியே! நீயெல்லாம் ஒரு தாயா?”

“தாய்தான். அதான் கெடந்து தவிக்கேன்” என்றாள் ஆவுடையம்மாள். அவள் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு கிடா தலையை நீட்டியது. கழுத்தில் மணி, நெற்றியில் குங்குமம்.

விஷயம் இதுதான். சிவந்தி பட்டாளத்தில் சேர்ந்த அன்று, அவள் தன் கருப்பட்டிக் கடைக்குப் பின்னால் இருந்த மாடசாமி பீடத்தில் விழுந்து வேண்டிக்கொண்டாள். யுத்தத்திலிருந்து பிள்ளை உயிரோடு திரும்பி வாசற்படி ஏறினால், ஏறிய அன்றைக்கே கிடா வெட்டுவதாக. கையோடு ஒரு குட்டியை வாங்கி நேர்ந்தும் விட்டாள்.

அங்கேதான் வந்தது வினை. நேர்ந்துவிட்ட கிடாவை அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. அது அடுப்படிக்கு வந்தது, அரிசிப் பானையில் வாய் வைத்தது, கடைசியில் கட்டிலிலும் ஏறிப் படுத்தது. மகன் இல்லாத வீட்டில் அவள் பேச்சுக்குத் தலையாட்ட வேறு யார் இருந்தார்கள்? சின்னவன் என்று பெயரும் வைத்துவிட்டாள். “பெரியவன் பட்டாளத்துல இருக்கான், சின்னவன் சாப்பிட்டுத் தூங்குதான்” என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிக்கொண்டிருப்பாள்.

இப்போது பெரியவன் உள்ளே வந்தால் சின்னவன் தலை போகும். சாமிக்குக் கொடுத்த வாக்கை மீறினாலோ, பெரியவனுக்கு என்ன ஆகுமோ என்று பயந்துதான் வாசலை மறித்து நின்றாள்.

“இதுல யோசிக்க இன்னா கீது?” என்றார் கிருஷ்ணப்பன். “கத்தி காலைலயே சாணை புடிச்சிட்டேன். டோல்கேட்டுலேர்ந்து எம் மச்சான் குடும்பத்தோட வந்துகினுகீறான்.”

அவர் வீட்டு அம்மியில் மசாலா அரைபடும் சத்தம் தெரு முழுக்கக் கேட்டது.

“ஏல, நீ இன்னும் கொஞ்ச நாள் பட்டாளத்துலயே இருந்துட்டு வாயேன்” என்றாள் ஆவுடையம்மாள். சொல்லிவிட்டு அவளே ஓவென்று அழுதாள்.

சிவந்தி கிடாவைப் பார்த்தான். அது அவனுடைய பழைய வேட்டியை மென்றுகொண்டிருந்தது. அதன் கழுத்தை விடாமல் கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கையைப் பார்த்தான். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பித் தொண்டையைக் கனைத்தான்.

“ஒண்ணு சொல்றேன். யாரும் சிரிக்கக் கூடாது. நான் யுத்தத்துக்கே போவல.”

“இன்னாது?”

“எண்ணூர் கேம்ப்புலதான் இருந்தேன். குசினி வேலை. நாலு வருசமும் உருளைக்கிழங்கு உரிச்சேன்.”

“தோ கீற எண்ணூர்லயா? அப்ப ஒரு நாளு கூட வூட்டாண்ட வரலியே!”

“எந்த மூஞ்சிய வெச்சுக்கினு வர்றது? கடுதாசியில ஊர் பேரு எழுதக் கூடாதுன்னு உத்தரவு. அதுல தப்பிச்சேன். எங்க சுபேதார் கீறாரே, காலைல கிழங்கையெல்லாம் வரிசையா நிக்க வெச்சு பரேடு பாப்பாரு. தோலு தடிமனா சீவிட்டா, அந்தக் கிழங்கத் தலைக்கு மேல தூக்கிக்கினு மைதானத்தைச் சுத்தி ஓடணும். ஒரு நாளு ஜப்பான்காரன் வரான்னு சங்கு ஊதினாங்க. எல்லாரும் துப்பாக்கிய எடுத்தாங்க. நான் கிழங்கு மூட்டைக்கு அடியில பூந்துட்டேன்.”

தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. “உருளைக்கிழங்குப் பட்டாளம் டோய்!” என்று எவனோ கத்தினான்.

ஆவுடையம்மாளுக்கு மானம் போனது. மகன் ஜப்பான்காரனை விரட்டுகிறான் என்று கருப்பட்டியோடு சேர்த்து எத்தனை பேருக்கு அளந்திருக்கிறாள்!

“யோசிச்சுப் பாரும்மா” என்றான் சிவந்தி. “யுத்தத்துக்குப் போனாத்தானே யுத்தத்துலேர்ந்து திரும்ப முடியும்? மாடன் எப்படிக் கிடா கேப்பாரு?”

அவள் வாயைப் பிளந்தாள். வாஸ்தவந்தானே!

“அப்ப உள்ள வால, எம் மவராசா!”

“அப்ப கறி?” என்றார் கிருஷ்ணப்பன். “தூத்தேறி! கிழங்கு உரிச்ச பேமானிக்குப் போயி மாலை வாங்கியாந்தேன் பாரு.” மாலையைத் தெருவில் விட்டெறிந்துவிட்டு வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சின்னவன் நிதானமாகப் போய் அந்த மாலையைத் தின்றது.

ஆவுடையம்மாள் நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக்கொண்டு வந்தாள். “சட்டையக் கழத்துல, தேய்ச்சு விடுதேன்.”

“அப்புறம் பாக்கலாம்மா.”

“பெத்தவகிட்ட என்னல வெக்கம்?”

மாலையை முடித்துவிட்டு உள்ளே வந்த சின்னவனுக்குப் பசி அடங்கவில்லை. சிவந்தியின் சட்டை நுனியைக் கவ்வி ஒரு இழுப்பு இழுத்தது. பொத்தான்கள் தெறித்தன.

இடது தோளிலிருந்து விலா வரைக்கும் சதையைப் பிளந்து தைத்த தழும்பு. அதற்குப் பக்கத்தில், குண்டு துளைத்து ஆறிய இரண்டு குழிகள்.

அவள் எண்ணெய்க் கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். “இது... என்னல இது?”

சிவந்தி சட்டையை இழுத்து மூடிக்கொண்டான். “கிழங்கு உரிக்கையில கத்தி வழுக்கிடுச்சும்மா.”

ஆவுடையம்மாள் அவன் முகத்தையே பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு மாடசாமி பீடம் இருக்கும் பக்கமாகத் திரும்பி, தெருக்கோடி வரை கேட்கும்படி சத்தமாகச் சொன்னாள்:

“கேட்டுக்கிட்டீரா சாமி? கிழங்கு உரிக்கையில கத்தி வழுக்கிருச்சாம்!”